கூண்டுக்குள் நடப்பதை மக்கள் அறிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் குரங்கு ஆய்வுகள் பற்றிய தங்கள் தலையங்கம், அவை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தோடு நின்றுவிட்டது. வரி கட்டும் மக்களுக்கு அங்கே நடப்பது தெரிகிறதா என்பதே அதற்கும் முந்தைய கேள்வி. சிம்பன்ஸிகள் மீதான மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்று, அந்நாட்டு மருத்துவக் கழகம் அமைத்த குழு 2011இல் வெளிப்படையாக ஆராய்ந்து கூறியது. அதன் தொடர்ச்சியாகவே 2015இல், மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் அந்நாட்டு அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனம் தன் சிம்பன்ஸிகள் அனைத்துக்கும் ஆய்வுகளிலிருந்து ஓய்வளிக்க முடிவெடுத்தது. ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படுத்தப்படும் ரீசஸ் வகைக் குரங்குகள் மீதான ஆய்வுகளையும் அதே கண்டிப்போடு ஆராய வேண்டும்.

அங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் விலங்குப் பராமரிப்புப் பணியில் இருந்தவன் நான். தனிக்கூண்டில் இருந்த ரீசஸ் குரங்கு ஒன்று தன் முன்கை முடியைப் பிடுங்கிப் பிடுங்கி, வெறும் தோல்தான் மிஞ்சியிருந்தது. அன்றைய பதிவேட்டிலோ ‘இயல்பாக உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். குரங்கினங்களின் மனநலத்தைப் பேண வேண்டும் என்கிறது 1985இல் திருத்தப்பட்ட விலங்கு நலச் சட்டம். பதிவேடே உண்மையைச் சொல்லாதபோது அந்தச் சட்டம் யாரைக் காக்கும்? நிதி பெறும் ஒவ்வோர் ஆய்வும், பயன்படுத்திய விலங்குகளின் எண்ணிக்கை, அவை பட்ட வலியின் அளவு, இறப்புகள், கிடைத்த முடிவு ஆகியவற்றை, தோல்வியுற்றாலும்கூட, ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும். வைக்காத ஆய்வுக்கு அடுத்த தவணை நிதியை விடுவிக்கக் கூடாது.

— முன்னாள் ஆய்வுக்கூடப் பணியாளர்