தலைமுடி வெட்டப் பழக டிப்ளோமா வேண்டாம், கடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் தலவாக்கலை டவுனில் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். மூன்றே மாதத்தில் சிகை அலங்காரம், மணப்பெண் அலங்காரம், கையில் சர்வதேச டிப்ளோமாவாம். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 2024இல் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதிலும் சேமலாப நிதிக்குக் கழித்தது போக மிஞ்சுவதில் அடுப்பெரிக்கும் தாய்மார், காதில் கிடக்கும் தோட்டை அடகு வைத்து மகளை அந்த வகுப்புக்கு அனுப்புகிறார்கள்.

நான் இதே டவுனில் பெண்களுக்கான ஒரு சின்ன சலூன் நடத்துகிறேன். அப்படிப் படித்த பிள்ளைகள் என்னிடம் வேலை கேட்டு வருவார்கள். சான்றிதழ் லெமினேட் பண்ணிப் பளபளவென்று இருக்கும். ஒரு தலையைக் கொடுத்தால் சீப்பையும் கத்தரிக்கோலையும் கை மாற்றிப் பிடிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு டம்மி தலையைச் சுற்றி ஒரு வகுப்பே முறை வைத்து நின்றால் யாருக்கு என்ன வரும்?

நான் ஹட்டனில் ஓர் அக்காவின் கடையில் பயிலுனராக இருந்துதான் தொழில் பழகினேன். முதலில் துவாய் மடிப்பு, முடி கூட்டுவது. அப்புறம் தலை கழுவுவது. கழுவுகிற கைக்குத்தான் முடி பிடிபடும்: எது மெல்லியது, எது தடித்தது, எங்கே புண் இருக்கிறது, யாருக்குப் பேன். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் வெறும் கத்தரிக்கோலைக் கையில் தந்து, திறந்து மூடச் சொல்வார். கட்டைவிரல் மட்டும் அசைய வேண்டும், மற்ற அலகு அசையவே கூடாது. விரல் வலித்தாலும் விடமாட்டார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அடர்த்தியான சுருள் முடி. தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு வருவார்கள். எண்ணெயில் முடி வழுக்கும், ஆகவே முதலில் கழுவ வேண்டும். ஈரத்தில் சுருள் நீண்டு கிடக்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். தோள்மட்டம் கேட்டவளுக்கு ஈரத்தில் தோளோடு வெட்டினால், காய்ந்த பிறகு அழுதுகொண்டுதான் போவாள். "ரெண்டு விரல் கூட விட்டு வெட்டு. பிறகு குறைக்கலாம், ஒட்ட முடியாது" என்பார் அக்கா. மூன்று மாத வகுப்பு நோட்ஸில் இதை எழுதிக்கொள்ளலாம்தான். கைக்கு வருவது தலைகளைத் தொட்டுத்தான்.

சாயம் இன்னும் கவனமான விஷயம். கலக்கும் திரவத்தின் போத்தலில் 20 வொல்யூம் என்றால் ஹைட்ரஜன் பெரொக்சைட் 6 சதவீதம், 40 என்றால் 12. தெரியாமல் எடுத்துப் பூசினால் தோல் வெந்துவிடும். சாயம் போடுவதற்கு 48 மணித்தியாலம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவி ஒவ்வாமை பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சாயம் கேட்டு வரும் மணப்பெண்ணை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். தாய்மார் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

பயிலுனர் பயிற்சிக்கு நம் நாட்டில் 1971இலேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அதை நடத்துவது நைட்டா என்று எல்லோரும் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை. கடைக்காரர், பயிலுனர், அதிகாரசபை என்று மூவருக்கும் ஒப்பந்தம் இருக்கும். முடிவில் மதிப்பீட்டாளர் செய்முறையைப் பார்த்துத் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வார். வகுப்புக்கே போகாமல் பல வருடம் கடையில் நின்றே பழகியவர்களுக்கும் அனுபவத்தை மதிப்பிட்டு இந்தத் தகைமை தருகிறார்கள். இது தோட்டத்து லயக் குடியிருப்புகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி என் சகதொழிலாளர்களுக்குக் கசக்கும் ஒன்று. பழக வந்த பிள்ளையை வருடக்கணக்கில் முடி கூட்டவும் முதலாளி வீட்டுக் குழந்தையைப் பார்க்கவும் வைத்திருக்கும் கடைகள் மலையகத்தில் இருக்கின்றன. ஆகவே பெற்றோர் பிள்ளையை விடுவதற்கு முன் வாய் திறந்து கேட்க வேண்டும். நைட்டாவில் பதிவீர்களா, எப்போது கத்தரிக்கோல் கொடுப்பீர்கள், கைச்செலவுக்கு என்ன தருவீர்கள். கேட்டால் முகம் சுளிக்கும் கடை வேண்டாம். ஆண்பிள்ளை பழகப் போனால் சாதியைச் சொல்லித் தடுக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மகள் பியூட்டி கல்ச்சர் படிப்பதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவதும் அவர்களேதான்!

பழக்கிவிட்டால் எதிரிலேயே கடை போட்டுவிடுவார்கள் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். உண்மைதான். என்னிடம் பழகிய பிள்ளை ஒருத்தி இதே வீதியில் கடை போட்டிருக்கிறாள். தையிலும் வைகாசியிலும் எனக்கு முடியாத மணப்பெண்களை அவளிடம்தான் அனுப்புகிறேன். அவளும் ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுகிறாள்.

பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். அரச பயிற்சி நிலையங்களின் அனுமதி அறிவித்தல்கள் வரும்போது கண்ணில் படும் பக்கத்தில், படிவம் எங்கே கிடைக்கும் என்பதோடு போடுங்கள். மதிப்பீடு தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் உரியவர்களின் காதில் போடுங்கள். கையில் தொழில் இருந்தும் வாய்மொழிக் கேள்வியில் தடுமாறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

என் கடையில் தை மாதத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறது. கணக்கில் சித்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தோட்டத்திலிருந்து வந்து போகும் பஸ் காசு என் பொறுப்பு.

இப்படிக்கு,
சலூன் நடத்தும் ஒரு வாசகி,
தலவாக்கலை.