செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், படிப்பார்களா என்பது அவரவர் மனசாட்சி.

கொடியேற்றம், ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, மாணவர் ஓவியப் போட்டி எல்லாம் வழக்கம்போல நடந்தன.

இனி, பறவைகளைப் பிடிப்பது குற்றம் என்று நாம் வைத்த அறிவிப்புப் பலகை விஷயம். செயலாளர் தன் ஆசைக்குச் செய்கிறார் என்று சிலர் பேசியது காதுக்கு வந்ததால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு 1980-லேயே சரணாலயம் ஆகிவிட்டது, அங்கே கண்ணி வைத்தால் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எண்ணூர் கழிமுகம் சரணாலயம் இல்லையே, இங்கே நாலு கொக்கு பிடித்தால் யார் கேட்பது என்றுதான் அத்திப்பட்டு வரைக்கும் பேச்சு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எல்லைக்கல் பார்த்து வேலை செய்வதில்லை. அந்தச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ள பறவை எங்கே இருந்தாலும், சுடுவது மட்டுமில்லை, வலை விரிப்பது, கண்ணி வைப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் ஒரு லட்சம் வரை. அதிகப் பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் உள்ள பறவை என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, ஏழு வரை போகும்.

மடையான், உள்ளான் மாதிரி நீர்ப்பறவைகளைப் பிடிப்பவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். இருட்டியதும் காரை ஓரம்கட்டி "கறி இருக்கா" என்று கேட்பவருக்கும் இதே சட்டம்தான், பலகையின் முதல் வரியே அவருக்காக எழுதியது. பச்சைக்கிளி வளர்ப்பதும் குற்றம் என்ற வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி ஒரு மூத்த உறுப்பினர் செயற்குழுவில் வெகுநேரம் வாதாடினார். அவர் வீட்டு வராந்தாவில் கூண்டு தொங்குவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வரியை எடுக்கவில்லை.

வலசைக் காலத்தில் இரவு ரோந்து கேட்டு ஒரு மனுவும் கொடுத்தோம், பதில் வரவில்லை. 1798-லேயே வேடந்தாங்கல் ஊரார், வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு எழுதி வாங்கிவிட்டார்கள். இங்கே ஒரு மனுவுக்கு நம்மவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வரவு செலவு: பலகைக்கு ஆனதில் பெரும்பகுதி நன்கொடை, மீதி சங்கப் பணம். கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். சந்தா பாதிப்பேர் கட்டவில்லை. பூநாரை வந்திருக்கு என்று யாராவது படம் போட்டதும் பெரிய லென்ஸோடு பழவேற்காட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஜிபே செய்ய ஒரு நிமிஷம் கிடைப்பதில்லை.

படகு தந்த மீனவ நண்பர்களுக்கும், பெயின்டருக்கும், மண்டபம் கொடுத்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் எனக்குச் சந்தோஷமே. பலகைக் கம்பத்தை யாரோ ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள், அக்டோபரில் பறவைகள் வருவதற்குள் அடியில் சிமென்ட் போட்டாக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். மனுவுக்குப் பதில் வரும்வரை நாமே மாலையில் கரைப்பக்கம் ஒரு சுற்று போய் வரலாம் என்று பெயர் கேட்டிருந்தேன். தாளில் இதுவரை என் பெயரும் தலைவர் பெயரும்தான். டீ வைத்திருக்கும் மேஜையில் அந்தத் தாள் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.