குறும்பட டிஸ்க்: எதில் போடுவது?

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் எடுத்த குறும்படங்களை டிவிடி-ஆரில்தான் (ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய வெற்று டிவிடி) போடுகிறோம். புளூ-ரே கேட்டவர்களுக்கு: அதில் 25 ஜிபி பிடிக்கும், சரி. ஆனால் ஏற்காட்டில் எத்தனை வீட்டில் அந்தப் பிளேயர் இருக்கிறது? தாத்தா பாட்டி டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடப்பது டிவிடி பிளேயர்தான். சிடி 700 எம்பி, பேச்சே வேண்டாம்.

டிவிடி-ஆர் டப்பாவில் 4.7 ஜிபி என்று இருக்கும், கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டலாம். கணக்கு முறைதான் வேறு, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரப் படம் நல்ல தரத்தில் அடங்கும். அதற்கு மேல் திணிக்கத் திணிக்க, சேர்வராயன் மலைப் பனிமூட்டமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

முக்கியமானது இதுதான்: எம்பி4 ஃபைலை அப்படியே காப்பி செய்தால் பழைய பிளேயர் பல படிக்காது. டிவிடி-வீடியோவாக, 720×576 PAL (நம்மூர் டிவி முறை) அளவில் மாற்றி, கடைசியில் மறக்காமல் ஃபைனலைஸ் (எழுதி முடித்த டிஸ்க்கை மற்ற பிளேயர்களும் படிக்கும்படி மூடுவது) கொடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது ஆட்டம் காணும். டிஸ்க் மார்க்கரில் பெயர் எழுதினால் போதும்.

சேலம் இறங்குகிறவர்கள் சில்லறையாக வாங்காமல் 50 டிஸ்க் டப்பாவாகப் பாருங்கள், விலை படியும். யாருக்கு எத்தனை என்று இன்று இரவுக்குள் இங்கேயே போட்டுவிடுங்கள்.