பாடநூலை மூடிவிட்டுச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022இல் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் எனப் பிரிக்கிறோம். பிரிப்பதில் தவறில்லை. சோதிக்கும் விதத்தில்தான் கோளாறு.

பழகிய பாடப் பக்கத்தைக் காட்டினால், பிள்ளை படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடும். நூலை மூடிவிட்டு, பத்து எழுத்துகளை வரிசை குலைத்து அட்டையில் காட்டுங்கள். பிறகு 'தொமி', 'கேபு' போல் பொருளே இல்லாத நாலைந்து சொற்கள். அவற்றை ஊகித்து வாசிக்க முடியாது. பலர் தடுக்குவது 'கொ' வரிசையில்தான். 'கெ' என்று தொடங்கி, பின்னால் நிற்கும் கால் குறியைக் (ா) கண்டதும் விழிப்பார்கள். இதற்காக அந்தப் பிள்ளையை அரும்பில் தள்ளுவது அநியாயம். அந்த ஒரு குறியை மட்டும் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் அது பேச்சு வழக்கு, வாசிப்புப் பிழை அல்ல. சொல்வதெழுதுதலில் ளகரம் போட்டால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனையை மற்றவர் காதில் விழாத மூலையில் வையுங்கள். வரிசையில் நிறுத்தினால் நான்காவது பிள்ளை கேட்டே மனப்பாடம் செய்துவிடும் (கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வாசிப்பு ஆகாது). பதிலுக்கு ஐந்து நொடியாவது பொறுங்கள். திட்டத்தின் செயலியில் பிள்ளையின் நிலையை மட்டும் பதிந்தால் எங்கே தடுக்கியது என்பது தெரியாமல் போகும். அந்த எழுத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

– தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருச்சி