தம்பிக்கு, என் கை பத்தி

தம்பி, கண்ணு,

நேத்து வீடியோ கால்ல "மூணு மாசம் ஆச்சும்மா, விரல்ல ஒண்ணுமே நடக்கலையே, முதுகுல அடிபட்ட மாமாவுக்கு வராதது உனக்கு மட்டும் எப்படி வரும்"னு கேட்டுட்டு சட்டுனு போனை வெச்சுட்ட. ராத்திரி எனக்கு தூக்கமே வரல, கை வலியால இல்ல, இத்தன வருஷமா இந்த பயத்த நீ உள்ளயே வெச்சிருந்திருக்கியேன்னுதான். அதான் காலைல காபி குடிச்சிட்டு வலது கையால இத டைப் பண்றேன், நீளமா போகும், லீவு அன்னிக்கு பொறுமையா படி.

பண்ருட்டிலேர்ந்து அத்தை குடுத்தனுப்புன பலாப்பழம், கைல எண்ணெய் தடவிக்கிட்டு அறுத்தேன், கத்தி வழுக்கி இடது மணிக்கட்டு உள்பக்கமா இறங்கிடுச்சு. பக்கத்துல ஒரு கிளினிக்ல தோல மட்டும் தச்சு அனுப்பிட்டாங்க. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப்போச்சுங்கன்னு சொன்னேன், வீக்கம் வடிஞ்சா சரியாயிடும்னாங்க, ஒம்போது நாள் அப்படியே போச்சு. அந்த கோவம் எனக்கு இன்னும் போகல. வெட்டுப்பட்டு விரல் மரத்துப்போனா அன்னிக்கே நரம்ப பாக்கணும்டா, உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லி வை. அப்புறம் பாண்டி போயி, மைக்ரோஸ்கோப் வெச்சு, தலைமுடிய விட மெல்லிசு நூலால அந்த மூணு விரலுக்கும் போற மீடியன் நரம்ப சேத்து தச்சாங்க.

தச்சா ஒயர் மாதிரி கரண்ட் பாஞ்சிடும்னு நீ நெனைக்கிற. அப்படி இல்லப்பா. வெட்டுக்கு கீழ இருந்த இழை மொத்தமும் செத்துப்போயிடும், 1850லயே வாலர்ங்கிறவரு தவளையோட நாக்கு நரம்ப வெட்டிப் பாத்து சொல்லிட்டாரு. அந்த எடத்துலேர்ந்து புதுசா வளந்துதான் விரல் நுனிக்கு போகணும். அந்த இழைக்கு சொந்தமான செல்லு எங்க இருக்கு தெரியுமா, தொடுற உணர்ச்சிக்கானது கழுத்துல முதுகெலும்பு ஓரமா ஒரு சின்ன முடிச்சுல இருக்கு, அங்கேர்ந்து விரல் வரைக்கும் ஒரே செல்லோட வாலு, முக்கால் மீட்டருக்கு மேல. வாலு அறுந்தா தலைக்கு எப்படி தெரியும்? வெட்டுன வாய் வழியா கால்சியம் உள்ள பாயுது, அந்த அலை இழையோடயே மேல ஏறுது, பின்னாலயே சில புரோட்டீனுங்க இழைக்குள்ள இருக்குற தண்டவாளம் மாதிரி பாதைல கழுத்து வரைக்கும் சேதி கொண்டு போகுது.

நான் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் லாக் ஓபரான் நடத்துனது உனக்கு ஞாபகம் இருக்கும், 1961ல ஜேக்கப்பும் மோனாடும் சொன்னது. பால் சர்க்கரை இருந்தாதான் பாக்டீரியா அந்த ஜீன்களை தொறக்கும், இல்லன்னா மூடி வெச்சிருக்கும். அதே கதைதான் இப்ப என் கழுத்துக்குள்ள நடக்குது. டிஎன்ஏ ஹிஸ்டோன்கிற உருண்டைங்க மேல இறுக்கமா சுத்தி கெடக்கும்ல, சேதி வந்ததும் அந்த சுத்து அங்கங்க தளருது, ஏடிஎஃப்3, சி-ஜூன், சாக்ஸ்11 மாதிரி சுவிட்ச் புரோட்டீனுங்க அதிகமாகி, வளர்றதுக்கான ஜீன்களை வரிசையா தொறந்து விடுது. இவ்வளவு நாள் சேதி கடத்துற வேலைக்குன்னு ஓடிக்கிட்டிருந்த பல ஜீன்கள் தணிஞ்சுபோயிடுது. 61 வயசு செல்லு பழைய வேலைய ஒதுக்கி வெச்சுட்டு திரும்ப வளர்ற வேலைல எறங்குது தம்பி, இத நெனச்சா எனக்கு ஒடம்பு சிலிர்க்குது.

அது மட்டும் போதாது, கையில இருக்குற ஷ்வான் செல்லுங்களும் மாறணும். நரம்புக்கு உறை போடுறதுதான் அதுங்க வேலை, வெட்டு பட்டதும் சி-ஜூன் ஏறி, உறை போடுற ஜீன்கள் அணைஞ்சு, பழைய உறைய தின்னு துப்புரவு பண்ணி, வரிசையா நீட்டி நின்னு புது இழைக்கு பாதை போட்டுக் குடுக்குது. ஷ்வான் செல்லுல சி-ஜூன எடுத்துட்ட எலிங்களுக்கு நரம்பு சரியா வளரவே இல்ல. வயசானா இந்த சி-ஜூன் கொஞ்சம் மந்தமாத்தான் ஏறும், அதனால எனக்கு லேட்டாகும், அதயும் மறைக்காம சொல்லிடுறேன்.

இப்ப மாமா விஷயம். தானே புயல் முடிஞ்சு, 2012 பொறக்குற நேரம், விழுந்த பலா மரத்த அறுக்கும்போது கட்டை உருண்டு முதுகுல விழுந்துச்சு, நீ அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்த, ஆம்புலன்ஸ் பின்னாடி நீ ஓடுனது எனக்கு கண்ணுலயே நிக்குது. மாமாவுக்கு அடிபட்டது தண்டுவடம்டா, கை நரம்பு இல்ல. கால அசைக்க சொல்ற செல்லு மூளைல இருக்கு, அதுல அடிபட்டாலும் இந்த வளர்ற ஜீன்கள் சரியா தொறக்குறதில்ல, சுத்தி இருக்குற உறையிலயும் நோகோ மாதிரி வளர்ச்சிய தடுக்குற புரோட்டீன் இருக்கு, தழும்பு வேற குறுக்க நிக்குது. அதனால மாமாவ வெச்சு என் கைய கணக்கு போடாத.

இன்னொண்ணு கேளு. கழுத்துல இருக்குற அந்த செல்லுக்கு ரெண்டு கிளை, ஒண்ணு கைக்கு, ஒண்ணு தண்டுவடத்துக்குள்ள. வெளிக்கிளைய முன்னாடியே வெட்டி வெச்சா, உள்கிளைகூட தண்டுவடத்துக்குள்ள வளர ஆரம்பிக்குதுன்னு 1999லயே எலில பாத்திருக்காங்க. அப்ப செல்லு முழிச்சுக்கிட்டா முடியும்னுதானே அர்த்தம்? 2008ல எலியோட கண் நரம்பு செல்லுல பிடென்கிற ஒரே ஜீன எடுத்தப்ப, வளரவே வளராதுன்னு நெனச்ச இழை வளந்துச்சு. அந்த ஜீன் கேன்சர தடுக்குறது, அதனால மனுசனுக்கு அப்படியே எடுத்துட முடியாது. மாமாகிட்ட இத சொன்னேன், ரொம்ப நேரம் கெடிலம் ஆத்துப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தாரு, அப்புறம் "நம்ம பசங்க காலத்துல வரட்டும்க்கா"ன்னாரு. அதுக்கு மேல நான் ஆசை காட்டல.

என் கைக்கு கணக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், முதல் சில வாரம் தையல தாண்டவே போயிடும். பிசியோதெரபில சொல்லிக் குடுத்தாங்க, மணிக்கட்டுலேர்ந்து விரல் பக்கமா தட்டிக்கிட்டே போனா புது இழையோட நுனி இருக்குற எடத்துல சுரீர்னு விரலுக்குள்ள கரண்ட் ஓடுற மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த எடத்துல பால்பாயின்ட் பேனால கோடு போடுறேன், குளிச்சா அழிஞ்சிடுதுன்னு காலண்டர் பின்னாடியும் எழுதி வெக்கிறேன். முதல்ல தழும்புலயே நின்னுச்சு. போன வாரம் ஆறு சென்டிமீட்டர், உள்ளங்கை நடுவுல. நீ ஒண்ணுமே நடக்கலன்ன விரலுக்கு அது நடந்து வந்துக்கிட்டிருக்கு.

விரல்ல உணர்ச்சி இல்லாததால போன மாசம் பால் குண்டான புடிச்சு கொப்புளம் வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, இப்ப துணி இல்லாம எதயும் தொடுறதில்ல, அதுக்கும் நீ பயப்படாத. அவசரப்பட்டு டிக்கெட் மாத்தாத, பொங்கலுக்கே வா. கணக்குப்படி அப்ப நடுவிரல் கடைசி கணு கிட்ட இருக்கணும், நீயே தட்டிப் பாரு.

அம்மா