நடுச்சரணத்தை அனுப்பி வை

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. மழை விட்டதும் ஓடு மாற்றும் வேலை தொடங்கிவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. உன்னைச் சுகம் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

ரொறன்ரோவிலிருந்து நீ அனுப்பிய, அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் மலின்ஸின் பாடல்களைத்தான் இப்போது இரவில் கேட்கிறேன். முதல் இரண்டு மூன்று பாட்டுகள் என்னைப் பெரிதாகத் தொடவில்லை. 'கிரீட்' வந்ததும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் நாம் மனப்பாடம் செய்த விசுவாசப் பிரமாணம் அல்லவா அது! அதற்கு அடியில் ஓடும் கருவிக்கு டல்சிமர் என்று பெயராம். கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிப்பது. சந்தூர் கேட்ட காதுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அந்தப் பாட்டு உள்ள 1993ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் முதற்பாதி முழுவதையும் வழிபாட்டு ஒழுங்கின்படியே அமைத்திருக்கிறார். வழிபாட்டுச் சடங்குகள் வைத்துக்கொள்ளாத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடையே வளர்ந்தவருக்கு இந்த நாட்டம் வந்தது எனக்குப் பெரிய வியப்பு.

பிறகு அவருடைய வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். 1955இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். 1982இல் பாடகி ஏமி கிராண்ட் இவருடைய பாட்டு ஒன்றைப் பாடியபோதுதான் வெளியுலகம் இவரைக் கவனித்தது. 1988இல் வந்த 'ஆசம் காட்' என்ற பாட்டு இன்று எத்தனையோ நாடுகளின் கோவில்களில் ஒலிக்கிறது. அதைப் பற்றி அவர் என்ன சொன்னார் தெரியுமா? தான் எழுதியவற்றில் மிக மோசமாகக் கட்டப்பட்ட பாட்டுகளில் அது ஒன்று என்றாராம். அதை வாசித்தவுடன் உன் ஞாபகம்தான் வந்தது.

காசு விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பாட்டுகளால் வந்த வருமானம் முழுவதையும் தம் திருச்சபைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் சராசரிச் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மீதி தர்மத்துக்குப் போனது. தாம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைத் தம்மிடம் சொல்லவே வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம். தெரிந்தால் கொடுக்க மனம் வராது என்று பயந்திருப்பார் என்பது என் எண்ணம். 1995இல் இசைக்கல்விப் பட்டம் பெற்று, நவஹோ பழங்குடியினரின் நிலத்துக்கே போய்ப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார்.

அதே 1995இல் நாம் எங்கே இருந்தோம் என்பதை உனக்கு எழுதத் தேவையில்லை. போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தில் நகர்ந்த சனத்துக்குள் உன் ஆர்மோனியப் பெட்டியை நாம் மாறி மாறிச் சுமந்தோம். சாவகச்சேரிக் கோவில் வளவில், மாமரத்தடியில், நீ ஒரு பாட்டைக் கட்டினாய்.

அதைப் பதிந்து வைக்காமல் போனோமே என்று இன்றும் வருந்துகிறேன். அதற்கு முந்தைய பாட்டுகளையாவது கசெற்றில் பிடித்தோம். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரெக்கோடர் ஓடும். என் கை தளர்ந்தால் ஒலிநாடாவும் தளரும். அந்தக் கசெற்றை இப்போது போட்டால் உன் குரல் நடுநடுவே கீச்சிட்டு விரைவது அதனால்தான். எனக்கு அந்தக் கீச்சும் சேர்ந்ததுதான் உன் பாட்டு.

குரல் உடைந்துவிட்டது, நல்ல ஒலிப்பதிவுக் கூடம் கிடைக்கும்வரை பாடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மலின்ஸ் இயேசுவைப் பற்றிய தம் கடைசிப் பாடல்களைக் கைவிடப்பட்ட பழைய தேவாலயம் ஒன்றில் இருந்து, சின்னக் கசெற் ரெக்கோடரில் பாடி வைத்தார். அது வெறும் மாதிரிப் பதிவு. பிறகு நன்றாகப் பாடிப் பதியலாம் என்பதுதான் திட்டம். ஒன்பது நாள் கழித்து, 1997 செப்டம்பர் 19 அன்று, இலினோய் மாநிலத்தில் வாகன விபத்தில் இறந்துபோனார். வயது 41. நண்பர்கள் அந்தப் பாடல்களைத் தாங்கள் பாடிப் பதிந்து, கசெற்றில் இருந்த அவர் குரலையும் தனி வட்டாகச் சேர்த்து 1998இல் வெளியிட்டார்கள். இரண்டையும் கேட்டுவிட்டேன். அந்தக் கரகரத்த கசெற்றைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறேன்.

எங்கள் பாடகர் குழாமில் இப்போது பதினொரு பேர். பாசையூர் அந்தோனியார் திருநாளுக்கு, யூன் 13க்கு முன், உன் சாவகச்சேரிப் பாட்டைப் பழக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். பல்லவியும் முதற்சரணமும் கடைசிச் சரணமும் எனக்கு நினைவிருக்கின்றன. நடுச்சரணத்தில் மாமரம் வருகிறது என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இன்றிரவே கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஒருமுறை பாடி அனுப்பு. குளிர்காற்றுச் சத்தமும் உன் இருமலும் கேட்டால் கேட்கட்டும். சுருதி எது என்பதை மட்டும் சொல்லிவிடு. பிள்ளைகளுக்கு அரைக்கட்டை இறக்கவேண்டி வரலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்