ஓட்டுக் கட்டடமும் பழைய பதிவேடுகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மைதானத்தை ஒட்டியுள்ள ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப்போவது உண்மைதான். பிள்ளைகளை உட்காரவைக்க அது தகுதியற்றது என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "எங்கள் அப்பா படித்த கட்டடம், எப்படியாவது விட்டுவையுங்கள்" என்று சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். உத்திரம் செல்லரித்துப்போன கூரையின் கீழ் ஒரு பீரியடு நடத்தக்கூட எனக்குத் துணிவில்லை. ஆகவே இடிப்பதில் மாற்றமில்லை. எனக்குள்ள கவலை வேறு. அந்தக் கட்டடத்து மர பீரோவிலிருந்து எடுத்துவந்த பதிவேடுகளையும், உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் காகிதங்களையும் பற்றியே இந்தக் கடிதம்.

பெயர்ப்பலகையில் இன்று அரசு மேல்நிலைப் பள்ளி என்று இருந்தாலும், ஊர்ப் பெரியவர்களுக்கு இது இன்னமும் போர்டு ஹைஸ்கூல்தான். அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டு நடத்திய உயர்நிலைப் பள்ளி என்பதால் வந்த பெயர் அது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தைத் தொடர்ந்து ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன, ஜில்லா போர்டுகள் மறைந்தன. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களிடம் போக, இதுபோன்ற உயர்நிலைப் பள்ளிகள் காலப்போக்கில் அரசுப் பள்ளிகளாயின. எத்தனை கை மாறினாலும் ஊர்க்காரர் வாயில் பழைய பெயரே நிற்கிறது. எனக்கும் அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

அந்தக் காலத்தில் ஐந்து வகுப்பு முடித்த பிறகு முதல் பாரம் (இன்றைய ஆறாம் வகுப்பு), இரண்டாம் பாரம் என்று ஏறி, ஆறாம் பாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு எழுதுவார்கள். 1911 முதல் சென்னை மாகாணத்தில் இருந்துவந்த தேர்வு அது. பின்னால் பாரம் என்ற பெயர் போய், பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. என்று ஆனது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அது பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. கல்லூரிகளில் இருந்த பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பும் போயிற்று. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. மேல்நிலை வகுப்புகள் நம் ஊருக்கு வருவதற்குள் பல வருடங்கள் ஓடிவிட்டன. அதுவரை பத்து முடித்த பையன்கள் டவுன் பள்ளிக்கு பஸ் ஏறினார்கள். பெண் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு அத்தோடு நின்றது.

இதெல்லாம் எந்தக் கல்வி வரலாற்றிலும் கிடைக்கும். நம் பதிவேடுகளில் இருப்பது வேறெங்கும் கிடைக்காது.

சேர்க்கைப் பதிவேட்டை ஒருமுறை வந்து பாருங்கள். காலிகோ அட்டை பிய்ந்து, பூச்சி அரித்த ஓரங்களோடு இருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று கட்டம் கட்டமாகப் போகிறது. தொழில் என்ற கட்டத்தில் 'விவசாயம்', 'கூலி' இரண்டும் மாறி மாறி வருகின்றன. பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் கோடையில் பிறந்தவர்கள் என்று தோன்றும். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று முடிவுகட்டி, ஜூனில் பள்ளி திறக்கும் கணக்குக்கு ஒத்துவரும்படி வாத்தியார் போட்ட தேதிகள் அவை. அந்தத் தேதியில்தான் பிறகு பலர் வேலையில் சேர்ந்தார்கள், ஓய்வும் பெற்றார்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது கடைசிக் கட்டம். பழைய பக்கங்களில் 'சம்பளம் கட்டாததால் நீக்கம்' என்று சிவப்பு மையில் எழுதி, பெயரின் குறுக்கே கோடு இழுத்திருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது: அன்று பள்ளிக்கு மாதச் சம்பளம் கட்டியது மாணவன். அரைச் சம்பளச் சலுகை கிடைத்தவர்களும் இரண்டு தவணை தவறினால் வெளியே போனார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1960களில் படிப்படியாக எஸ்.எஸ்.எல்.சி. வரை கட்டணமே இல்லை என்றானது. அதன்பின் வரும் பக்கங்களில் சம்பளக் காரணம் காணாமல் போகிறது. 'நீண்ட நாள் வராமை' மட்டும் வெகுகாலம் தொடர்கிறது, பெரும்பாலும் நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில்.

கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி உங்கள் தாத்தாக்களிடம் கேட்டிருப்பீர்கள். ஊரார் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று கொண்டுவந்து குவித்த காலம் அது. நம் பள்ளியில் இருக்கும் கால் ஆடும் தேக்கு மேசை அப்படி வந்ததாகச் சொல்கிறார்கள். கொடுத்தவர் யார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவேடுகளால் நடைமுறைப் பயனும் உண்டு. சேர்க்கைப் பதிவேட்டை எக்காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பாஸ்போர்ட்டுக்கும், தொலைந்த மாற்றுச் சான்றிதழுக்குப் பதில் நகல் பெறவும், சான்றிதழ் போலியல்ல என்று காட்டும் உண்மைத்தன்மைச் சான்றுக்கும் முன்னாள் மாணவர்கள் இன்றும் வருகிறார்கள். ஒரு பக்கம் கிழிந்தால் ஒருவருடைய வயதே கிழிந்த மாதிரி. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையை எங்கள் ஆசிரியர்கள் தொடங்கியிருக்கிறார்கள். பதிவேட்டில் சாதி விவரமும் இருப்பதால் அந்தப் பக்கங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர மாட்டோம். கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வீட்டில் பழைய எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகம், குழுப் படம், விளையாட்டு விழா அழைப்பிதழ், நூல் நூற்ற தக்ளி, எது இருந்தாலும் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள். அலுவலகத்திலேயே ஸ்கேன் செய்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவோம். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தால், அவர்களையும் உடன் அழைத்துவாருங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் சொல்லியனுப்புங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆசிரியருடன் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள். பாதியில் நின்றவர்கள் தயங்க வேண்டாம், முக்கியமாகப் பெண்கள். தேர்ச்சி பெற்றவர்களின் கதை எங்களிடம் ஓரளவு இருக்கிறது.

இடிப்பு வேலை முடியும்வரை மைதானத்தின் அந்தப் பக்கம் பிள்ளைகளை விட மாட்டோம். மாலையில் அழைத்துப்போக வருபவர்கள் முன்வாசலுக்கு மட்டும் வரவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்